கெளுத்திக்கு இன்னும் ஒலி வரவில்லை

ஜூன் 3, சனி

காலை ஏழரைக்குச் சுலோச்சனாவின் செயலி திறக்க மறுத்துவிட்டது. "உங்கள் சாதனத்தின் பதிப்பு இனி ஆதரிக்கப்படாது. புதிய சாதனத்துக்கு மாறவும்" என்று திரையில் ஒரு பெட்டி. அதற்குக் கீழே 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான். சரியில்லை என்று சொல்ல இடமே வைக்கவில்லை. இருபது வருடமாக நான் ஒவ்வொரு கூட்டமாகப் போய்த் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். உங்கள் கையில் இருக்கும் போன் உங்களுடையது இல்லை.

எந்த வேலையை ஆரம்பித்தாலும் குறிப்பு எழுதுவது என் வழக்கம். பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருடம் மின்னணு ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவனுக்கு அது கையோடு வந்துவிட்டது. எனவே முதலிலிருந்தே எழுதுகிறேன்.

சுலோச்சனா என் மனைவி. நரம்பு நோய் வந்து மூன்று வருடம் ஆகிறது. கால், கை, பேச்சு என்று ஒவ்வொன்றாகப் போய், இப்போது மிச்சமிருப்பது கண்ணும் வலது கைக் கட்டைவிரலும். கட்டிலோரம் ஓர் இரும்புத் தாங்கி செய்து அதில் போனை மாட்டியிருக்கிறேன். கட்டைவிரலால் எழுத்துகளைத் தொட்டு வாக்கியம் சேர்த்துப் 'பேசு' என்று அழுத்துவாள், போன் அதைச் சத்தமாகச் சொல்லும். மெஷின் குரல்தான். ஆனாலும் உள் அறையிலிருந்து "ஏனுங்க" என்று கேட்டால் நான் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து போய்விடுவேன். அவள் ஒரு மில்லில் இருபத்தாறு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவாள். காத்திருக்க வைப்பது அவளுக்குப் பிடிக்காது.

புனேயிலிருந்து மகள் மிருணாளினி கூப்பிட்டாள்.

"அப்பா, புது போன் ஒண்ணு அனுப்பி வைக்கிறேன். கண்ணு அசைவுலயே டைப் பண்றதெல்லாம் வந்திருச்சு."

"அதுவும் ரெண்டு வருசத்துல இதே மாதிரி கைய விரிக்கும் சாமி. நானே பண்ணிக்கறேன். ஒரு வாரம்."

"அது வரைக்கும் அம்மா எப்படிப்பா பேசுவாங்க?"

"ஒரு வாரந்தானே."

ஜூன் 5, திங்கள்

ராமாத்தாள் குளிப்பாட்டிவிட்டுப் போன பிறகு ஆரம்பித்தேன். (ராமாத்தாள் தினமும் ஏழு மணிக்கு வந்து பதினொன்று வரை சுலோவைப் பார்த்துக்கொள்கிறாள். இருகூரிலிருந்து பஸ்ஸில் வருகிறாள்.)

கம்பெனி போட்ட இயங்குதளத்தை எடுத்துவிட்டு, எங்கள் கட்டற்ற மென்பொருள் வட்டத்தின் 'நெய்தல்' இயங்குதளத்தைப் போடவேண்டும். அதற்குக் கம்பெனி போனுக்குள் போட்டிருக்கும் பூட்டைத் திறக்கவேண்டும். திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கம்பெனியே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கிறது. சுலோவிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

"இது கட்டற்ற மென்பொருள் சுலோ. இனி எவனும் உன்ற வாயை அடைக்க முடியாது. போட்டுடலாமா?"

எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. கண்ணை அழுத்தி ஒருமுறை இமைத்தால் ஆமாம். இரண்டு முறை என்றால் வேண்டாம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் சம்மதம்தான்.

பன்னிரண்டரைக்கு நெய்தல் ஏறிவிட்டது. நீலத் திரையில் தமிழில் "வாருங்கள்" என்று வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்பட என்ன இருக்கிறது?

எங்கள் வட்டத்தில் ஒவ்வொரு போன் மாடலுக்கும் ஒரு மீன் பெயர் வைப்போம். வாளை, அயிரை, விரால். இந்த மாடல் கெளுத்தி. இணையதளத்தில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பக்கம், அதில் ஓர் அட்டவணை. போனின் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே ஆகிறது, பாதி, ஆகவில்லை என்ற மூன்றில் ஒரு சொல்தான் எழுதலாம். கெளுத்தியின் பக்கத்தை இன்று நிரப்பினேன்:

திரை: ஆகிறது.
தொடுதல்: ஆகிறது.
வைஃபை: ஆகிறது.
கேமரா: பாதி.
ஒலி: ஆகவில்லை.

ஐந்தில் மூன்று முதல் நாளிலேயே. ஒலி இரண்டு நாள் வேலை.

ஜூன் 6, செவ்வாய்

ராமாத்தாள் கேட்டாள், "கட்டற்றதுன்னா என்னங் சார்?" கட்டு இல்லாதது, விடுதலையானது என்று விளக்கினேன். "அப்புடீங்களா" என்று சொல்லிவிட்டுச் சுலோவைப் புரட்டிப் படுக்க வைத்தாள்.

சிறுவாணித் தண்ணீர் ஐந்து நாளுக்குப் பிறகு வந்தது. குடம், அண்டா எல்லாம் பிடித்தேன். அதில் இரண்டு மணி நேரம் போயிற்று.

ஜூன் 11, ஞாயிறு

சுலோவுக்காக நானே ஒரு செயலி எழுதி முடித்தேன். பெயர் 'பேசி'. கம்பெனிச் செயலியைவிட எழுத்துகள் பெரியவை. பேசு என்று அழுத்தியதும் திரை சுத்தமாகி அடுத்த வாக்கியத்துக்குத் தயாராகிவிடும். இன்னொன்றும் செய்திருக்கிறேன். இப்போது ஒலி இல்லை அல்லவா? அவள் அழுத்துகிற வாக்கியம் வீணாகப் போய்விடக்கூடாது. எனவே ஒலி வரும்வரை வாக்கியங்கள் உள்ளே ஒரு வரிசையில் காத்திருக்கும். வந்ததும் முதலில் நின்றது முதலில் பேசும். பத்து வரி நிரல்தான், ஆனால் நேர்த்தியான பத்து வரி.

தாங்கியில் மாட்டிக் கொடுத்தேன். மெதுவாக எழுதினாள்: "சத்தம் வருதா".

"ரெண்டு நாள் பொறுத்துக்கோ," என்றேன்.

ஜூன் 14, புதன்

ஒலி: ஆகவில்லை. இந்தப் போனில் ஒலிக்குத் தனியாக ஒரு சில்லு. அதை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று கம்பெனி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இருட்டறையில் சுவிட்சைத் தேடுகிற வேலை.

ஜூன் 19, திங்கள்

ராமாத்தாள் இன்று எனக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங் சார், அக்கா விரலுக்கிட்ட ஒரு பெல்லு வெச்சுடலாமுங். கூப்புடோணும்னா அழுத்தும். நானும் பதனொரு மணிக்கு மேல இருக்கறதில்லீங்."

"போன்ல சத்தம் வந்துட்டா பெல் எதுக்கு ராமாத்தா?"

"அது வர்ற வரைக்குமுங்."

ஒரு பொத்தான், ஒரு பேட்டரி, ஒரு பஸ்ஸர். என் ஆய்வகத்துப் பிள்ளைகள் முதல் வாரம் செய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை செய்து தருகிறேன் என்றேன். ஆனால் எனக்கு ஒட்டுப்போடுகிற வேலை பிடிக்காது. ஒட்டுப்போட்டால் நிஜமான பழுது அப்படியே நின்றுவிடும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தான் வளர்த்தேன்.

ஜூன் 25, ஞாயிறு

கரண்ட் போனது எனக்குத் தெரியவில்லை. லாப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, முன் அறையில் ஜன்னல் காற்று வேறு. ஒன்றரைக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனால் சுலோ தலையணை வரை நனைந்து கிடக்கிறாள். ஃபேன் நின்று எவ்வளவு நேரம் ஆயிற்றோ. துடைத்து, நைட்டி மாற்றி, விசிறினேன்.

பேசியின் திரையைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. கேட்டிருந்தால் வந்திருக்கமாட்டேனா? ஒரு சொல் எழுதி வைத்திருந்தால் போதுமே.

பஸ்ஸர் செய்ய இன்று நேரமில்லை.

ஜூலை 2, ஞாயிறு

எனக்கு ஐம்பத்தொன்பது முடிந்துவிட்டது. மிருணா கூப்பிட்டு வாழ்த்தினாள். வட்டத்தின் குழுவில் பதினேழு பேர் வாழ்த்தினார்கள். சுலோ கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு வருடம்கூட மறந்ததில்லை. விடிந்ததும் முதல் பேச்சே அதுவாகத்தான் இருக்கும். இன்று மூன்று முறை உள்ளே போய்ப் பார்த்தேன், திரை வெறுமை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த நிலையில் தேதி எங்கே நினைவிருக்கும்? ஆனாலும் மனது கொஞ்சம் வலித்தது என்று எழுதத்தான் வேண்டும்.

ராமாத்தாள் கொண்டுவந்த மைசூர்பாகைத் தின்றேன்.

ஜூலை 8, சனி

மிருணா லாப்டாப்பில் வீடியோ போட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கேஸ்காரன் வந்ததால் வாசலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது லாப்டாப்பில் மிருணாவின் முகம் சுருங்கியிருந்தது.

"அப்பா, அம்மா ஏதோ எழுதிட்டே இருக்காங்க. ஆனா எனக்கு ஒண்ணும் கேக்கல."

"இன்னும் சத்தம் வரலடா. நான் படிச்சுச் சொல்றேன் இரு." திரையைப் பார்த்தேன். எதுவும் இல்லை. "ஒண்ணும் எழுதலயே."

"எழுதினாங்கப்பா. நான் பார்த்தேன்."

"விரல் சும்மா அசையும்."

இருபதாம் தேதி லீவு போட்டு வருகிறேன், அந்தப் புதுப் போனையும் கொண்டு வருகிறேன் என்றாள். செப்டம்பரில் வா என்று சொல்லிவிட்டேன். செப்டம்பர் 16 எங்கள் வட்டத்தின் ஆண்டுக் கூட்டம். கெளுத்தியைப் பற்றிப் பேச எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்தே வீடியோவில் சுலோ மேடைக்குப் பேசவேண்டும் என்பது என் திட்டம். "வணக்கம். நான் சுலோச்சனா பேசுகிறேன்." கட்டற்ற மென்பொருளால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். மிருணாவும் அப்போது பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஜூலை 16, ஞாயிறு

ஓர் எழுத்தைத் தொட முன்பு சுலோ இரண்டு விநாடி எடுத்துக்கொள்வாள். இன்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஆறு விநாடி. தொடுதிரையின் உணர்திறன் குறைவாக இருக்கிறது. நிரலில் கூட்டிவிட்டேன். இப்போது லேசாகப் பட்டாலே போதும். அட்டவணையில் 'தொடுதல்: ஆகிறது' என்பதை மாற்றவேண்டியதில்லை.

ஜூலை 27, வியாழன்

பத்து ஐம்பதுக்குப் போனிலிருந்து ஒரு 'டக்'! ஸ்பீக்கர் உயிரோடுதான் இருக்கிறது! என் சோதனைப் போன் அது. நானும் ஒரு கெளுத்தி வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் அதில் பார்த்துவிட்டுத்தான் சுலோவுடையதில் ஏற்றுவேன். அதை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். "சுலோ, கேட்டியா? டக்குன்னுச்சு!" மறுபடி செய்து காட்டினேன், வரவில்லை. ராமாத்தாள் கையில் துணியோடு நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சுலோவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சந்தோஷத்தில் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

டக்குக்குப் பிறகு ஒன்றுமில்லை. தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன்.

குழுவில் 'நண்டு' என்ற பெயரில் ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். ஒலிச் சில்லுகளில் கெட்டிக்காரர். இரண்டு மாதமாக அவரும் என்னோடு மல்லுக்கட்டுகிறார். இன்று எழுதிக் கேட்டார்:

"அண்ணை, இந்தப் பழைய போனோட ஏன் இவ்வளவு மாரடிக்கிறியள்? அவசரம் ஏதும் இருக்கோ?"

முதல்முறையாகச் சுலோவைப் பற்றிச் சொன்னேன். பதில் வந்தது:

"அப்ப ரெண்டு மாசமா அக்கா கதைக்கேல்லையோ? அண்ணை, வைஃபை வேலை செய்யுதுதானே. அவ எழுதுறது உங்கட லாப்டொப்பில வாற மாதிரிச் செய்யலாம். பத்து நிமிச வேலை. நான் எழுதித் தரட்டோ?"

அது ஒட்டுவேலை என்று எழுதினேன்.

"சரி, பழைய சிஸ்டத்தைத் திருப்பிப் போடுங்கோ. பேக்கப் எடுத்து வச்சிருப்பியள்தானே?"

பூட்டைத் திறப்பதற்கு முன் நகல் எடு. இது எங்கள் கையேட்டின் முதல் வரி. அந்தக் கையேட்டை எழுதியவன் நான். நண்டுக்குப் பதில் எழுதவில்லை. தயிருக்கு உறை ஊற்ற மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

இன்று ஒரு விஷயம் தெரிந்தது. சோதனைப் போனுக்குக் கேபிள் தேடி ஒன்பது மணிக்கு உள் அறைக்குப் போனேன். ராமாத்தாள் மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் கரியால் அ, ஆ, இ என்று எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வருகிறாள். சுலோ இமைக்கிறாள். ராமாத்தாள் சிரிக்கிறாள். சுலோவின் கண்ணும் சிரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

"என்ன இது?"

"எழுத்து அட்டைங் சார். தொட்டுட்டே வந்தம்னா அக்கா வேணுங்கற எழுத்துல இமைக்குமுங்."

"எத்தன நாளா நடக்குது?"

"ஆடி பொறந்ததுல இருந்துங்."

"என்ன பேசுவீங்க?"

"அதெல்லாம் பொம்பளைங்க பேச்சுங்." துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள், "பாப்பாவ ஒருக்கா வரச் சொல்லோணும்னுதுங். உங்ககிட்டயே போன்ல எழுதிச் சொல்லீட்டன்னுதுங். நீங்க கூப்புட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

என்னிடம் எதுவும் எழுதிச் சொல்லவில்லை. திரையில் நான் பார்க்கவில்லை.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். அகர வரிசையில் எழுதியிருக்கிறாள், அது நேர விரயம். அதிகம் வரும் எழுத்துகளை முன்னால் வைத்து அடுக்கினால் பாதி நேரத்தில் முடியும். அதைப் பேசியிலேயே ஒரு பகுதியாகச் சேர்க்கலாம். சரிசெய்து தருகிறேன் என்று அட்டையை மேசை இழுப்பறையில் எடுத்து வைத்தேன். சுலோ சுவர்ப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

ஒலி: ஆகவில்லை. அட்டை வேலைக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

பேசியில் நான்கு நாளாக ஒரு எழுத்துகூடத் தொடப்படவில்லை என்று பதிவு காட்டுகிறது. செயலியில் பிழையோ என்று முழு நிரலையும் படித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

கட்டைவிரலைப் பிடித்துத் திரையில் வைத்தேன். வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

செப்டம்பர் 3, ஞாயிறு

டாக்டர் வந்தார். மூச்சு பலவீனமாகிவிட்டது, இனி மாதக்கணக்கு இல்லை, நாள்கணக்குத்தான் என்றார். பால்காரரிடம் நாளை முதல் அரை லிட்டர் போதும் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ராமாத்தாள் என்னைக் கேட்காமல் மிருணாவைப் போனில் கூப்பிட்டிருக்கிறாள். கோபப்பட வாயெடுத்தேன். கோபம் வரவில்லை.

செப்டம்பர் 9, சனி

மிருணா காலையில் வந்துவிட்டாள். அந்தப் புதுப் போனும் வந்திருக்கிறது, கண் எங்கே பார்க்கிறதோ அந்த எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பெனிச் சரக்கு. அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

மிருணா கட்டிலில் ஏறி உட்கார்ந்து அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "அம்மா, இதைப் பாரும்மா. புள்ளி போற எடத்துக்கு கண்ணக் கொண்டு போ." சுலோ மகளைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மத்தியானம் மறுபடி முயன்றார்கள். மறுபடி மூடிக்கொண்டாள்.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு, ஏன்பா இப்படிப் பண்றாங்க?" என்று கேட்டு மிருணா அழுதாள்.

மூன்று மாதமாகப் பேசி அலுத்துவிட்டவள் மாதிரி மூடிக்கொள்கிறாள். இதை ஏன் இப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. அவள்தான் பேசவே இல்லையே.

செப்டம்பர் 12, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்தக் குறிப்புக்கே அர்த்தமில்லை.

காலை பத்தேகாலுக்கு ஒலி வந்தது. ஒரு சொல்தான் பிழை. இந்தப் போனில் ஒரே ஒரு ஸ்பீக்கர், அதை இடப்பக்க இணைப்பில் கோத்திருக்கிறார்கள். நான் என் நிரலில் வலது என்று எழுதிவிட்டு அதையே நம்பிக்கொண்டு தொண்ணூற்றொன்பது நாள் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். 'வலது' என்பதை 'இடது' என்று மாற்றினேன். சோதனைப் போன் கணீரென்று ஒலித்தது. பைத்தியக்காரனைப் போலக் கை தட்டினேன்.

சுலோவின் போனில் ஏற்றினேன். மிருணாவைக் கூப்பிட்டேன், ராமாத்தாளைக் கூப்பிட்டேன். சுலோ கண்ணைத் திறந்திருந்தாள். "பாரு சுலோ, சொன்னபடி பண்ணீட்டேன்," என்றேன். அவள் விரல் அசையாது என்பதால் நானே எழுதினேன்: "வணக்கம். நான் சுலோச்சனா பேசுகிறேன்." பேசு என்று அழுத்தினேன்.

போன் பேசியது.

"சத்தம் வருதா."

நான் எழுதியது அது இல்லை. விரலை எடுத்துப் பார்த்தேன். அது அடுத்ததைப் பேசியது. "சத்தம் வருதா." பிறகு, "ஏனுங்க." பிறகு, "தண்ணி." பிறகு, "ஏனுங்க. தண்ணி."

வரிசை. ஜூன் 11 அன்று நான் எழுதிய பத்து வரி. ஒரு வாக்கியமும் வீணாகக்கூடாது என்று. அவள் கதவு வழியே என் முதுகைப் பார்த்து அழுத்தியதெல்லாம் உள்ளே நின்றுகொண்டிருந்தது. அழுத்தியதும் திரை சுத்தமாகிவிடும்படி செய்தவனும் நான்தான். சுத்தமான திரையைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன்.

"கால் இழுக்குது." "ஏனுங்க." "ஃபேன் நின்னுபோச்சு." "ஃபேன்." "ஃபேன்." "ஏனுங்க, வேர்க்குது." "ஏனுங்க."

மிருணா என் கையைப் பிடித்தாள். "நிறுத்துங்கப்பா."

நிறுத்தப் பொத்தான் நான் எழுதவில்லை. போனை அணைத்திருக்கலாம். அது அப்போது தோன்றவே இல்லை. ராமாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"இன்னைக்கு உங்க பொறந்த நாள். நல்லா இருக்கோணும்."

"பக்கத்துல வந்தா படிக்கலாம். பொறந்த நாள்."

பிறகு, அந்த வீடியோ அன்று எழுதியது, "மிருணா தெரியறா. மிருணா, அம்மா பேசறேன் கண்ணு. கேக்குதா. அப்பாட்ட சொல்லி வந்துட்டுப் போ." மிருணா கட்டிலின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "மிருணாவ வரச் சொல்லுங்க" என்று மட்டும் பதினோரு முறை வந்தது. நான் எண்ணினேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

போகப்போக வாக்கியங்கள் குட்டையாகிக்கொண்டே போயின. எழுத்துகள் விடுபட்டன. மெஷின் குரல் மட்டும் முதலில் இருந்த தெம்போடு கடைசி வரை பேசியது. மொத்தம் முன்னூற்று எண்பத்தாறு, இருபத்தெட்டு நிமிடம். நான் கேட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிட வேலை.

அவளுடைய கடைசி வாக்கியம் ஆகஸ்ட் 25 என்று பதிவு சொல்கிறது. முழுதாக, ஓர் எழுத்தும் விடாமல் எழுதியிருக்கிறாள். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஓர் எழுத்துக்கு எத்தனை விநாடி என்று கணக்கெடுத்தவன்தானே.

"சத்தம் வராட்டிப் போகுது. இங்க வந்து உக்காருங்க."

அதற்குப் பிறகு, அதே குரலில், நான் எழுதியது வந்தது. "வணக்கம். நான் சுலோச்சனா பேசுகிறேன்." அதோடு வரிசை முடிந்தது.

சுலோவின் கண் திறந்தேதான் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்று எழுதிவிட்டால் ஆறிவிடுமோ என்று பார்த்தேன், ஆறவில்லை.

செப்டம்பர் 13, புதன்

கெளுத்தியின் பக்கத்தில் மாற்றவேண்டியதை மாற்றினேன். ஒலி: ஆகிறது.

குழுவில் நாற்பது பேர் கைதட்டினார்கள். நண்டு தனியாக எழுதியிருந்தார்: "வாழ்த்துகள் அண்ணை. இனி அக்கா ஆசை தீரக் கதைக்கலாம்."

செப்டம்பர் 16, சனி

கூட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.

லாப்டாப்பை மூடிப் பரணில் போட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்து ராமாத்தாளின் அட்டையை எடுத்தேன். நான் எதையும் திருத்தியிருக்கவில்லை, அவள் எழுதியபடியே இருந்தது. கட்டிலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மிருணா எழுந்து வெளியே போனாள். சுலோ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"சொல்லு சுலோ," என்றேன். "நான் இங்கயேதான் இருக்கேன்."

அ-வைத் தொட்டேன், காத்திருந்தேன். ஆ-வைத் தொட்டேன். ஒவ்வொன்றுக்கும் பத்து எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போனேன். உயிரெழுத்து முடிந்தது. க, ங, ச. கரி என் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் பூட்டைத் திறக்கட்டுமா என்று கேட்டபோது பார்த்த அதே பார்வை. அன்று அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ன வரை போய்விட்டேன். அவள் இமைக்கவில்லை. மறுபடி அ-விலிருந்து ஆரம்பித்தேன்.